ஆற்றைத் தாண்டி வந்த கடன்

சில தீர்ப்புகளோடு சண்டை போடத் தோன்றும். சில, படித்த அன்றே மறந்துபோகும். ப்ரோடரிக் எதிர் ராஸ்னர் என்ற வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1935 ஏப்ரல் 1 அன்று சொன்ன தீர்ப்பு இந்த இரண்டிலும் சேரவில்லை, நெடுநாளாக உறுத்திக்கொண்டிருக்கிறது. அதன் வாதத்தில் ஓட்டை தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. நியூ யார்க்கில் மூழ்கிப்போன ஒரு வங்கியின் பங்குகளை வைத்திருந்த, ஆனால் நியூ ஜெர்சியில் குடியிருந்த 557 பேரிடம், பங்கு ஒன்றுக்கு இன்னும் 25 டாலர் கட்டு என்று கேட்டு நியூ யார்க்கின் வங்கிக் கண்காணிப்பாளர் வழக்குப் போட வருகிறார். அந்த வழக்கை ஏற்க மாட்டோம் என்று நியூ ஜெர்சி நீதிமன்றங்கள் கதவைச் சாத்துகின்றன. சாத்தக் கூடாது, நாட்டின் அரசியலமைப்பில் அதற்கு இடமில்லை என்கிறது உச்ச நீதிமன்றம். சரிதானே என்று புத்தகத்தை மூடிவிடலாம். மூடவிடாமல் தடுப்பது ஒரு எளிய சங்கடம்: ஒருவர் இல்லாத ஊரில், அவரை ஒரு வார்த்தை கேட்காமல், ஓர் அதிகாரி மேசையில் உட்கார்ந்து எழுதிய தொகை எந்தக் கணத்தில் அவருடைய கடனாக மாறுகிறது?

பங்கு வாங்கினால் போட்ட பணம் போகலாம், அதற்கு மேல் எதுவும் போகாது என்பது இன்று நமக்கு மூச்சு விடுவதுபோல் பழகிவிட்ட உண்மை. வங்கி விஷயத்தில் அமெரிக்கா நெடுங்காலம் அப்படி நினைக்கவில்லை. நியூ யார்க் தன்னுடைய 1846ஆம் ஆண்டு அரசியலமைப்பிலேயே, வங்கிப் பங்குதாரர் தான் வைத்திருக்கும் பங்கின் அளவுக்கு வங்கியின் கடனுக்கும் பொறுப்பாளி என்று எழுதிவைத்தது. தேசிய வங்கிகளுக்கு உள்நாட்டுப் போர்க் காலத்தில் இதே விதி வந்தது. இரட்டைப் பொறுப்பு என்று அதைச் சொன்னார்கள். 25 டாலர் முகமதிப்புள்ள பங்கை நீ எந்த விலைக்கு வாங்கியிருந்தாலும், வங்கி விழுந்த நாளில் அந்த விலை பூஜ்யமாகும். அதன் பிறகு இன்னொரு 25 டாலர் உன் சட்டைப் பையிலிருந்து வர வேண்டும். இதன் பின்னிருந்த எண்ணம் மோசமானதல்ல. ஊரார் பணத்தை வைத்து வியாபாரம் செய்கிறவன் தன் பணத்தையும் பணயம் வைத்திருந்தால் நிதானமாக இருப்பான். சீட்டு எடுத்தவனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டவர், தவணை தேதியில் அவன் கடை திறந்திருக்கிறதா என்று எட்டிப் பார்த்துவிட்டு வருவாரே, பங்குதாரரும் அப்படி வங்கியைப் பார்த்துக்கொண்டிருப்பார் என்று சட்டம் இயற்றியவர்கள் நம்பினார்கள். ஜாமீன் போட்டவருக்குக் கையெழுத்துப் போட்ட நினைவு இருக்கும். பங்கு வாங்கியவருக்கு அப்படி ஒரு நினைவு இருந்தாக வேண்டும் என்று எந்தச் சட்டமும் கேட்கவில்லை.

வங்கியின் பெயர் பேங்க் ஆஃப் யுனைடெட் ஸ்டேட்ஸ். அரசாங்கத்துக்கும் அதற்கும் ஒட்டும் கிடையாது, உறவும் கிடையாது. 1913இல் ஆயத்த ஆடைத் தொழிலிலிருந்து வந்த ஜோசப் மார்கஸ் என்பவர் நியூ யார்க்கின் கீழ்க்கிழக்குப் பகுதியில், டெலான்சி தெருவில் தொடங்கியது. கிழக்கு ஐரோப்பாவிலிருந்து கப்பலேறி வந்த யூதர்களின் பேட்டை அது. தையல் இயந்திரங்களும் தள்ளுவண்டிகளும் நிறைந்த அந்தத் தெருக்களில், ஆங்கிலத்தை எழுத்துக் கூட்டிப் படித்த ஒருவர் அந்தப் பெயர்ப் பலகையைப் பார்த்து இது நாட்டின் வங்கி என்று நினைத்துக்கொண்டால் அவரைக் குறை சொல்ல முடியாது. அப்படி நினைக்கட்டும் என்றுதான் அந்தப் பெயரே வைக்கப்பட்டிருக்க வேண்டும். 1927இல் அவர் இறந்ததும் மகன் பெர்னார்ட் மார்கஸ், சால் சிங்கர் என்ற கூட்டாளியோடு சேர்ந்து வங்கியை ஊதிப் பெரிதாக்கினார். கிளைகள் பெருகின, ரியல் எஸ்டேட் கடன்கள் பெருகின, வங்கிக்குள் வங்கியின் துணைக் கம்பெனிகள் பெருகின. பங்குகளை விற்க அவர்கள் வெளியே போகவில்லை. பணம் போட வந்த வைப்பாளர்களிடமே, கவுன்டரில் உட்கார்ந்திருந்த அதே ஊழியர்கள், முகமதிப்பைப்போல் பல மடங்கு விலைக்கு விற்றார்கள். விலை இறங்கினால் ஓராண்டுக்குள் நாங்களே திரும்ப வாங்கிக்கொள்கிறோம் என்ற வாய்வார்த்தையும் அதோடு கொடுக்கப்பட்டதாகப் பின்னாளில் புகார் எழுந்தது. ஆக ஒரே ஆள், ஒரே கவுன்டரில், ஒரே சேமிப்பிலிருந்து பாதியை வைப்பாகவும் பாதியைப் பங்காகவும் போட்டிருக்கலாம். முதல் பாதிக்கு வங்கி அவருக்குக் கடன்பட்டது. இரண்டாம் பாதியால் அவர் வங்கியின் கடனுக்குப் பொறுப்பாளி ஆனார். ஒரே மனிதரை இரண்டாக வகுந்து, ஒரு பாதியை மற்றப் பாதிக்கு எதிராக நிறுத்துவது இதைவிட நேர்த்தியாக முடியாது.

1930 டிசம்பர் 10 அன்று பிராங்ஸ் பகுதியில் ஒரு கிளையில் வதந்தி கிளம்பியது. அதன் மூலமே ஒரு பங்குதான் என்பது எனக்கு இப்போதும் வியப்பு. உள்ளூர் வியாபாரி ஒருவர் தன் பங்கை விற்றுத் தரச் சொன்னார். வேண்டாம், நல்ல முதலீடு, வைத்திருங்கள் என்று கிளையில் அறிவுரை சொன்னார்கள். பங்கை வாங்க மறுத்துவிட்டார்கள் என்று அவர் வெளியே போய்ச் சொன்னார். பிற்பகலுக்குள் தெரு நிறைந்துவிட்டது, குதிரைப் போலீஸ் வந்தது. இரண்டு டாலர் கணக்கை எடுக்க ஒருவர் மணிக்கணக்காக நின்றதாகக்கூட ஒரு செய்தி உண்டு. மறுநாள், டிசம்பர் 11, கண்காணிப்பாளர் ஜோசப் ப்ரோடரிக் வங்கியைத் தன் பொறுப்பில் எடுத்து மூடினார். மூடிய கிளைக்கு முன்னால் மழையில் நிற்கும் கூட்டத்தின் புகைப்படம் ஒன்று இருக்கிறது. தொப்பிகள், குடைகள், ஈரமான மேல்கோட்டுகள், அங்கங்கே போலீஸ்காரர்கள். தீர்ப்பு தரும் கணக்கின்படி வைப்பாளர்களும் பிற கடன் கொடுத்தோரும் சேர்ந்து 4,40,000 பேர். பங்குதாரர்கள் 20,843 பேர். பங்குகள் 10,10,000. அந்தப் படத்தில் நிற்பவர்களில் யார் எந்தக் கணக்கில் சேர்வார், யார் இரண்டிலும் சேர்வார் என்று பிரித்தெடுக்கிற கண் எந்தப் புகைப்படக்காரருக்கும் கிடையாது. சட்டத்துக்கு அந்தக் கண் உண்டு.

நியூ யார்க்கில் இருந்த பங்குதாரர்களிடம் வசூலிக்க நியூ யார்க் நீதிமன்றம் போதும். ஹட்சன் ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருந்தவர்கள்தான் சிக்கல். ஆறு ஒன்றும் பெரிய தடையல்ல. படகுகள் இருந்தன, ஆற்றுக்கு அடியில் ரயில் ஓடியது, 1927இல் ஹாலண்ட் சுரங்கச் சாலை திறந்தது, வங்கி மூடிய மறு ஆண்டில் ஜார்ஜ் வாஷிங்டன் பாலமும் திறந்தது. காலையில் நியூ ஜெர்சியில் காபி குடித்துவிட்டு மன்ஹாட்டனில் வேலைக்கு உட்கார்கிறவர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். ஆனால் ஒரு மாநில நீதிமன்றத்தின் கை அந்த மாநிலத்தின் எல்லையோடு நின்றுவிடும் என்பது 1878ஆம் ஆண்டின் பெனாயர் தீர்ப்பிலிருந்து அமெரிக்காவில் வேரூன்றிய விதி. ஆள் எல்லைக்குள் இருக்க வேண்டும், அல்லது அவருடைய சொத்து எல்லைக்குள் இருக்க வேண்டும், அல்லது அவர் தானாகச் சம்மதிக்க வேண்டும். ரயில் நிலையப் படியில் நின்று, இறங்கி வருகிறவர்கள் கையில் சம்மனைத் திணித்திருந்தால் செல்லுபடியாகியிருக்கும். 557 பேருக்கு அப்படிப் படியில் காத்திருக்க எந்த அலுவலகத்திலும் ஆள் கிடையாது. சொத்து எல்லைக்குள் இருந்தால் போதும் என்பது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு, இந்தத் தீர்ப்புக்கு முப்பது ஆண்டு முன்னால் வந்த ஹாரிஸ் எதிர் பால்க் என்ற வழக்கைப் பாருங்கள். வட கரோலினாக்காரரான ஹாரிஸ், தன் ஊர்க்காரர் பால்க்குக்கு 180 டாலர் தர வேண்டியிருந்தது. ஹாரிஸ் சரக்கு வாங்க பால்டிமோர் போனார். பால்க் அந்த ஊர்க்காரர் ஒருவருக்கு 344 டாலர் தர வேண்டியிருந்தது. அந்த ஊர்க்காரர், ஹாரிஸ் ஊருக்குள் கால் வைத்ததும், அவர் பால்க்குக்குத் தர வேண்டிய கடனையே ஜப்தி செய்துவிட்டார். 1905இல் உச்ச நீதிமன்றம் அதை ஒப்புக்கொண்டது: கடனாளி எங்கே போனாலும் கடன் கூடவே போகும் என்றது. பால்க் வீட்டில் உட்கார்ந்திருந்தார். அவருக்கு வர வேண்டிய பணம் சரக்கு வாங்கப் போன இன்னொருவரோடு பயணம் போய் மாட்டிக்கொண்டது. இந்தத் தர்க்கத்தை நான் படிக்கும்போதெல்லாம் சிரிப்பும் வரும், கொஞ்சம் பயமும் வரும். எனக்குத் தெரியாமல் என்னுடையது எங்கெல்லாம் நடமாடிக்கொண்டிருக்கிறதோ!

ஆகவே ப்ரோடரிக் ஆற்றைக் கடந்து நியூ ஜெர்சி நீதிமன்றத்துக்கு வந்தார். அங்கே ஒரு சட்டம் காத்திருந்தது. பிற மாநிலக் கம்பெனியின் பங்குதாரர்மீது அவருடைய சட்டப்படியான தனிப் பொறுப்பை வசூலிக்க வழக்குப் போட வேண்டுமானால், அது எல்லாக் கணக்கையும் ஒரே இடத்தில் தீர்க்கும் வழக்காக இருக்க வேண்டும். கம்பெனியும், அதன் சட்டப் பிரதிநிதிகளும், கடன் கொடுத்த அனைவரும், பங்குதாரர் அனைவரும் அதில் தரப்பினராக வர வேண்டும். முதல் வாசிப்பில் இது எவ்வளவு நியாயமாகத் தெரிகிறது! ஒருவரிடம் மட்டும் ஏன் கேட்கிறாய், எல்லோரையும் கூப்பிடு, எல்லோரும் உட்கார்ந்து யார் யாருக்கு எவ்வளவு என்று பேசித் தீர்ப்போம். என் பாதி மனம் இன்னமும் இதன் பக்கம்தான் சாய்கிறது. முடிவில் பாதிக்கப்படுகிறவர் எவரோ அவர் முடிவெடுக்கும் இடத்தில் இருக்க வேண்டும் என்பதைவிட அடிப்படையான நியாயம் வேறு எது? ஆனால் 4,40,000 கடன் கொடுத்தோரையும் 20,843 பங்குதாரரையும் நியூ ஜெர்சியின் ட்ரென்டனில் ஒரு நீதிமன்ற அறைக்குக் கூப்பிடுவது என்றால் என்ன? பெயர் கூப்பிடவே மாதங்கள் போகும். அவர்களில் பெரும்பாலோர் நியூ யார்க்வாசிகள். நியூ ஜெர்சி நீதிமன்றத்தின் கை அவர்களை எட்டாது. எல்லோரும் வந்தால்தான் வழக்கு, எல்லோரையும் வரவழைக்க வழியில்லை. நியாயத்தின் உச்சபட்ச வடிவத்தைக் கேட்பதன் மூலம் நியாயத்தின் சாதாரண வடிவத்தையும் கிடைக்கவிடாமல் செய்யும் இந்த வித்தையை நான் வேறு இடங்களிலும் பார்த்திருக்கிறேன். கிராமத்துச் சொத்துத் தகராறுகளில் பங்காளிகள் அத்தனை பேரும் கையெழுத்துப் போட்டால்தான் பாகம் என்று ஒருவர் பிடிவாதமாக நிற்பார், அவர் மட்டும் நிலத்தை உழுதுகொண்டிருப்பார்.

நியூ ஜெர்சியைப் பற்றி இன்னொன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் கம்பெனிகளுக்குத் தளர்வான சட்டங்கள் எழுதி, நாடு முழுவதிலுமிருந்து பெரு முதலாளிகளைத் தன்னிடம் பதிவுக்கு ஈர்த்த மாநிலம் இதுதான். ஸ்டாண்டர்ட் ஆயில் உட்படப் பல டிரஸ்ட்கள் இதன் காகிதங்களில்தான் உயிர் வாழ்ந்தன. பதிவுக் கட்டணம் கருவூலத்தை நிரப்பியது. தன் சட்டத்தில் பிறந்த கம்பெனிகள் நாட்டின் எந்த மூலையிலும் போய் வியாபாரம் செய்யலாம், அதற்கு எல்லா மாநிலமும் மரியாதை தர வேண்டும். ஆனால் அடுத்த மாநிலத்தின் வங்கிச் சட்டம் தன் குடிமகனின் வாசல் வரை வரக் கூடாது. 557 பேர்மீது எனக்கிருக்கும் பரிவு இந்த மாநிலத்தின்மீது கிடையாது.

உச்ச நீதிமன்றத்துக்காக எழுதியவர் லூயி பிராண்டைஸ். ஒவ்வொரு மாநிலமும் மற்ற மாநிலங்களின் சட்டங்களுக்கும் ஆவணங்களுக்கும் நீதிமன்ற நடவடிக்கைகளுக்கும் முழு நம்பிக்கையும் மதிப்பும் தர வேண்டும் என்கிற அரசியலமைப்பின் நான்காம் பிரிவுதான் அவருக்கு ஆதாரம். தன் நீதிமன்றத்தின் அதிகார வரம்பை ஒரு மாநிலம் தானே வகுத்துக்கொள்ளலாம், உண்மைதான்; ஆனால் அந்த வகை வழக்கை விசாரிக்கத் தகுதியுள்ள நீதிமன்றத்திடமிருந்து இந்த ஒரு வழக்குக்கு மட்டும் அதிகாரத்தைப் பிடுங்கிவிட்டு, பார் எனக்கு அதிகாரமில்லை என்று கை விரித்து அரசியலமைப்புக் கடமையிலிருந்து நழுவ முடியாது என்றார். பங்குதாரர் பொறுப்பு எவ்வளவு, எப்போது, யார் நிர்ணயிப்பது என்பவை கம்பெனி பிறந்த மாநிலத்தின் சட்டத்துக்கு உட்பட்டவை. அந்தக் கம்பெனிக்குள் நுழைந்தவர் அந்தச் சட்டத்துக்குள்ளும் நுழைந்தவர். நிர்ணயத்தின்போது அவர் நேரில் இல்லை. ஆனால் கம்பெனி இருந்தது, கம்பெனியில் அவர் இருந்தார். நிர்ணயித்தவர் நீதிபதியல்ல, ஒரு நிர்வாக அதிகாரிதான். ஆனாலும் அவருக்கு அந்த அதிகாரத்தைத் தந்த சட்டம் மதிக்கப்பட வேண்டியதே. பங்குதாரருக்கு மிஞ்சியிருப்பது தன் சொந்த எதிர்வாதங்கள்: நான் பங்குதாரரே அல்ல, எனக்கு அத்தனை பங்கு கிடையாது, ஏற்கெனவே கட்டிவிட்டேன். இப்படியான சில. எனக்குத் தெரியாது என்பது அந்தப் பட்டியலில் இல்லை. அது இருந்தால் பட்டியலே அர்த்தமிழக்கும் என்பதும் எனக்குப் புரிகிறது.

பிராண்டைஸ் கையில் இந்த வழக்கு போய்ச் சேர்ந்ததை வெறும் தற்செயல் என்று விட்டுவிட மனம் வரவில்லை. வங்கியாளர்கள் அடுத்தவர் பணத்தை எப்படிக் கையாள்கிறார்கள் என்று 1914இல் ஒரு நூலே எழுதியவர் அவர். பெருங்கம்பெனிகளை வாழ்நாள் முழுக்கச் சந்தேகத்தோடு பார்த்தவர். அதோடு, வக்கீலாக இருந்த நாட்களிலேயே அவருக்கு இன்னொரு கருத்தும் உண்டு: கம்பெனி செய்யும் தவறில் எனக்குப் பங்கில்லை, நான் வெறும் பங்குதாரர் என்று யாரும் கையைக் கழுவிக்கொள்ள முடியாது, தெரிந்திருந்தாலும் தெரியாவிட்டாலும், அந்த ஏற்பாட்டின் பலனை வாங்கிக்கொள்கிறவர் சமூகத்தின் முன் குற்றமற்றவராக நிற்க இயலாது. லாப ஈவை வாங்கும்போது திறந்திருக்கும் கண், கம்பெனி என்ன செய்கிறது என்று பார்க்கும்போது மட்டும் ஏன் மூடிக்கொள்ள வேண்டும்? கடுமையான கேள்வி. ரயில்வே கம்பெனிப் பங்குகளைப் பெட்டியில் வைத்துக்கொண்டு, தண்டவாளத்தில் செத்தவர்களைப் பற்றிக் கேட்காமல் இருந்த பாஸ்டன் கனவான்களிடம் கேட்க வேண்டிய கேள்விதான். டெலான்சி தெருவின் தையல்காரரிடம் அதே கேள்வியைக் கேட்கும்போதுதான் அது வேறொன்றாகிவிடுகிறது. பங்குதாரர் என்ற சட்டப் பெயர் இருவருக்கும் ஒன்றே. தீர்ப்பில் 557 பேருக்கும் முகமில்லை, தொழிலில்லை. அவர்களில் கனவானும் இருந்திருப்பார், பொத்தான் தைத்தவரும் இருந்திருப்பார். முகத்தைப் பார்த்தால் சட்டம் சட்டமாக இருக்காது என்பார்கள். பார்க்காமல் இருப்பதற்கும் ஒரு விலை உண்டு, அதை யார் கட்டுகிறார்கள் என்பதையாவது எங்காவது எழுதிவைக்கலாம்.

தொகையைப் பற்றியும் எனக்கு ஓர் உறுத்தல். வங்கியின் சொத்து கடனை அடைக்கப் போதாது, ஏறத்தாழ 3 கோடி டாலர் குறைகிறது என்று ப்ரோடரிக் 1932 ஜூலை 1 வாக்கில் நிர்ணயித்தார்; ஆகஸ்ட் 8க்குள் பங்குக்கு 25 டாலர் கட்டச் சொன்னார். 10,10,000 பங்கை 25 டாலரால் பெருக்கினால் 2,52,50,000 டாலர்தான் வருகிறது. கடைசிப் பங்குதாரர் வரை கடைசிக் காசு வரை கட்டினாலும் பள்ளம் நிரம்பாது; ஆகவே முழுவதையும் கட்டு. ஆனால் அந்தப் பள்ளம் எப்போது அளக்கப்பட்டது? நியூ யார்க் பங்குச் சந்தை அந்தப் பெருமந்தத்தின் அடிமட்டத்தைத் தொட்டது 1932 ஜூலை 8. வீடு, கட்டடம், அடமானப் பத்திரம் எதற்கும் வாங்க ஆளில்லாத கோடைக்காலம். வங்கியின் பணம் பெருமளவு முடங்கிக் கிடந்ததோ கட்டடங்களில். நாடே பாதாளத்தில் நிற்கும் நாளில் ஒரு கட்டடத்தின் மதிப்பைக் கேட்டால் பாதாளத்தின் விலையைத்தான் சொல்வார்கள். மூடும் முன்பு, வேறு மூன்று நிறுவனங்களோடு இதை இணைத்துக் காப்பாற்றும் திட்டம் ஒன்று இருந்தது. நகரத்தின் பெரிய வங்கிகள் கடைசி இரவில் பின்வாங்கிவிட்டன. அது யூதர்களின் வங்கி என்பதும் காரணம் என்று அப்போதே பேசப்பட்டது. கலைத்து முடித்தபோது வைப்பாளர்களுக்கு டாலருக்கு 80 சென்ட்டுக்கு மேல் திரும்பக் கிடைத்தது. அத்தனை காலம் கழித்து, அத்தனை மோசமான சந்தையில் விற்றும் அவ்வளவு தேறியது என்றால், அந்த 3 கோடி ஒரு மலையின் உயரம்போல அங்கே இருந்த ஒன்றா, இல்லை அளந்த நாளும் மூடிய விதமும் சேர்ந்து உண்டாக்கியதா? பொருளாதார வரலாற்றாசிரியர்கள் இதைப் பற்றி இன்றும் சண்டை போடுகிறார்கள். நியூ ஜெர்சி நீதிமன்றம் மட்டும் அதைத் திறந்து பார்க்கக் கூடாது, நிர்ணயம் நிர்ணயம்தான்.

நிர்ணயித்த மனிதரும் சாதாரண நிலையில் இல்லை. மார்கஸும் சிங்கரும் 1931இல் தண்டனை பெற்று, பின்னர் சிங் சிங் சிறைக்குப் போனார்கள். ப்ரோடரிக்மீதும் வழக்குப் போடப்பட்டது: வங்கி அழுகியது தெரிந்தும் முன்னமே மூடாமல் கடமை தவறினார் என்று. நகரத்தின் பெரிய வங்கிகள் கைகொடுத்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்று அவர் சாட்சிக் கூண்டில் வாதாடினார். அதே 1932இல்தான் விடுவிக்கப்பட்டார். அதே 1932இல்தான் 20,843 பேருக்கும் தொகை குறித்து அறிவிப்பு அனுப்பினார். தாமதமாக மூடினார் என்று ஒரு மன்றத்தில் குற்றம் சாட்டப்பட்டவரின் கணக்கு, இன்னொரு மன்றத்தில் கேள்விக்கு அப்பாற்பட்டதாக நின்றது. அவர் நேர்மையானவர் என்றே எனக்குத் தோன்றுகிறது. என் சங்கடம் அவரைப் பற்றியதல்ல. அந்த நாற்காலியிலிருந்து வெளிவரும் எண் ஆற்றைக் கடக்கும்போது தன் சந்தேகங்களையெல்லாம் இந்தக் கரையில் உதிர்த்துவிட்டு, உறுதியான கடனாக அந்தக் கரையில் ஏறுகிறது என்பதைப் பற்றியது. இதோடு இன்னொரு பொது விதியையும் சேர்த்துப் பாருங்கள். விழுந்த வங்கியில் வைப்பும் பங்கும் ஒருசேர வைத்திருந்தவர், எனக்கு வர வேண்டிய வைப்பில் இந்தத் தொகையைக் கழித்துக்கொள்ளுங்கள் என்று கேட்க முடியாது என்றே அமெரிக்க நீதிமன்றங்கள் பொதுவாகச் சொல்லிவந்தன. பங்குக்கான தொகையை முழுதாகக் கட்ட வேண்டும். வைப்புக்கு மற்றவர்களோடு காத்திருந்து, டாலருக்கு இத்தனை சென்ட் என்று வருவதை வாங்கிக்கொள்ள வேண்டும். மற்ற வைப்பாளர்களுக்குமுன் அவர் மட்டும் முழுதாக மீண்டுவிடக் கூடாதே என்பது காரணம். இந்தக் காரணமும் சரிதான். இந்த விஷயத்தில் எதைத் தொட்டாலும் சரியாகவே இருக்கிறது.

நீதிபதி பெஞ்சமின் கார்டோசோ மட்டும் உடன்படவில்லை. நியூ ஜெர்சியின் தீர்ப்பை உறுதிசெய்ய வேண்டும் என்பது அவர் கருத்து என்று ஒரே வரி, காரணம் கிடையாது. நியூ யார்க்கிலேயே பிறந்தவர், அந்த மாநிலத்தின் மிக உயர்ந்த நீதிமன்றத்துக்குத் தலைமை தாங்கியவர், பக்கம் பக்கமாக அழகாக எழுதக்கூடியவர், தன் மாநிலத்தின் வசூலுக்கு எதிராக வாக்களித்துவிட்டு வாயைத் திறக்காமல் இருந்துவிட்டார். மாநில நீதிமன்றங்களின் சுதந்திரத்தைப் பற்றிய சட்ட நுணுக்கம்தான் காரணமாக இருக்கும். தையல்காரர்களை நினைத்து அவர் அந்த வரியை எழுதச் சொல்லியிருக்க மாட்டார். ஆனாலும் அந்த ஒற்றை வரியில் எனக்கு ஓர் இடம் இருக்கிறது. அவர் காரணம் எழுதியிருந்தால் அதை நான் மறுத்திருப்பேன். உண்மையில், நான் அந்த அமர்வில் இருந்திருந்தால் பிராண்டைஸ் பக்கம்தான் கையெழுத்திட்டிருப்பேன்; எல்லோரும் வரட்டும் என்று காத்திருந்தால் ஆற்றைக் கடந்து குடிபோன ஒவ்வொரு பணக்காரரும் தப்பித்திருப்பார், சுமை கடக்க வசதியில்லாதவர்மேல் விழுந்திருக்கும். இந்தத் தீர்ப்பு வந்த அதே 1935இல் அமெரிக்கக் காங்கிரஸ், தேசிய வங்கிகளில் இரட்டைப் பொறுப்பு 1937 ஜூலையோடு போதும் என்று முடிவு கட்டியது. வைப்புத்தொகைக்குக் காப்பீடு வந்துவிட்டது, மாநிலங்களும் ஒவ்வொன்றாக விதியைக் கைவிட்டன. கதவு திறக்கப்பட்ட நேரத்தில் அதன் வழியாக வர வேண்டிய வழக்குகளே தீர்ந்துகொண்டிருந்தன.

நுழைந்தாய், ஆகவே சம்மதித்தாய் என்ற வாதம் மட்டும் தீரவில்லை. 1977இல் அது வேறொரு ஆற்றங்கரையில் திரும்ப வந்தது. டெலவேரில் பதிவான கம்பெனியின் பங்கு, காகிதம் எங்கே கிடந்தாலும், டெலவேரிலேயே இருப்பதாகக் கருதப்படும் என்று அந்த மாநிலத்தின் சட்டம் சொன்னது. கிரேஹவுண்ட் பேருந்துக் கம்பெனியின் ஒரே ஒரு பங்கை வைத்திருந்த ஹைட்னர் என்பவர், இயக்குநர்களும் அதிகாரிகளுமான 21 பேரின் பங்குகளை அந்தச் சட்டத்தின்படி முடக்கி, அவர்களை டெலவேர் நீதிமன்றத்துக்கு இழுத்தார். கம்பெனியின் தலைமையகம் அரிசோனாவில், தகராறுக்குக் காரணமான செயல் ஓரிகனில். பங்கு இங்கே பதிவாகியிருக்கிறது என்பதற்காக ஆளையும் இங்கே நிறுத்த முடியாது என்றது உச்ச நீதிமன்றம். பால்க்கின் 180 டாலரோடு பயணம்போன அந்தப் பழைய தர்க்கமும் அன்றோடு போயிற்று. இயக்குநர்களுக்கு நிம்மதி. டெலவேர் சட்டமன்றம் சும்மா இருக்கவில்லை. சில வாரங்களிலேயே புதுச் சட்டம் எழுதியது: 1977 செப்டம்பர் 1க்குப் பிறகு எங்கள் கம்பெனி எதிலும் இயக்குநர் பதவியை ஏற்கிறவர், அந்தப் பதவி தொடர்பான வழக்குகளில் எங்கள் நீதிமன்றத்துக்கு உட்படச் சம்மதித்தவராகக் கருதப்படுவார். இல்லாத சம்மதத்தைத் தேதி போட்டு உண்டாக்கிவிட்டார்கள், சட்டம் அதை ஏற்றுக்கொண்டும் விட்டது. அதில் எனக்குப் பெரிய வருத்தமில்லை. இயக்குநர் நாற்காலியில் உட்காரப் போகிறவருக்கு வக்கீல் இருப்பார்; இப்படி ஒரு பிரிவு இருக்கிறது, யோசித்துக் கையெழுத்திடுங்கள் என்று அவர் சொல்லியும் வைப்பார். டெலான்சி தெருக் கவுன்டரில், சேமிப்புப் புத்தகத்தோடு வந்து பங்கையும் சேர்த்து வாங்கிக்கொண்டு போனவருக்கு 1846ஆம் ஆண்டு அரசியலமைப்பை யார் படித்துக் காட்டினார்கள்?